ஞாயிற்றுக்கிழமைக் குருவி

மார்ச் 4

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்தேன். அடித்தல் தெரிகிற தாளை உனக்கு அனுப்ப மனமில்லாமல் வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

ஐந்து நாளாக உன் அழைப்பை எடுக்காததற்குப் பரீட்சை காரணம் இல்லை. அம்மாவிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அதையே சொல். போனில் எதையும் தட்ட எனக்கு இப்போது கை வரவில்லை. அதனால்தான் தபால். தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு மத்தியானம் போயிற்று.

போன வியாழக்கிழமை சாயங்காலம் நெட்டை (என் அறைத்தோழி, கட்டிலுக்கு வெளியே கால் நீட்டித் தூங்குகிறவள்) போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏய், கதவுமுகம்னா என்னடி? இன்னிக்குக் கதவுமுகமான்னு என் குருவி கேக்குது."

என் கையில் சோப்பும் துண்டும் இருந்தன. குளிக்கப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கதவுமுகம் என்றால் என்ன என்று இந்த உலகத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். எனக்கு ஏழு வயதிருக்கும்போது கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே கன்னத்தை வைத்து அழுது, மரத்தின் கோடெல்லாம் முகத்தில் பதிந்துபோய் வெளியே வந்தேனே, அன்றைக்கு அப்பா வைத்த பெயர். அப்பா போனபிறகு மூன்று பேர். நம் வீட்டு வார்த்தை அது. நெட்டையின் போனில் இருக்கிற மஞ்சள் குருவிக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது?

போன ஏப்ரலில் நான் வீட்டுக்கு வந்திருந்தபோது நீதான் உன் கம்பெனிச் செயலியை என் போனில் ஏற்றினாய். "மனசுல இருக்கிறத எல்லாம் இதுல கொட்டு. குருவி பதில் சொல்லும். மனுஷங்க யாரும் படிக்க மாட்டாங்கடி, வெறும் மெஷின்" என்றாய். மெஷின் என்றதால்தான் கொட்டினேன்.

என் குருவியும் ஆகஸ்டில் ஒரு நாள் அதே கேள்வியைக் கேட்டது. நான்தான் எப்போதோ அந்த வார்த்தையை எழுதியிருப்பேன், அது பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். இப்போது ஏப்ரலிலிருந்து எழுதிய அத்தனையையும் வரி விடாமல் பார்த்துவிட்டேன். நான் எங்கேயும் எழுதவில்லை.

ஒரே கேள்வி. எந்தத் தேதியிலிருந்து?

பதிலைத் தாளில் எழுது.

தங்கை

*

மார்ச் 9

என் குட்டிக்கு,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. அப்புறம் இதைப் படி. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் எழுத்து சாய்ந்து சாய்ந்து போயிருக்கிறது. தூங்குகிறாயா, இல்லையா?

நீ நினைக்கிற மாதிரி பயங்கரமாக எதுவும் நடக்கவில்லை. என் வேலை என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். நாலாவது மாடியில் ஜன்னலோரமாக ஐந்து மேசை. குருவி பேச வேண்டியதை எழுதிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். பரீட்சை பயம் என்று ஒரு பிள்ளை எழுதினால் என்ன சொல்வது, வீட்டில் சண்டை என்றால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்போம். யாராவது ஆபத்தான மாதிரி ஏதாவது எழுதினால் மட்டும் அது சிவப்புக் கோட்டோடு எங்கள் திரைக்கு வரும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, வெறும் எண். அதற்கு மட்டும் மனிதர் பதில் எழுதலாம். இதெல்லாம் நீ சம்மதம் கொடுத்த அந்த நீளமான பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் பதினாலு, மதியம் இரண்டரை. என் திரையில் ஒன்று வந்தது. எக்ஸ்-ரே அறையில் நோயாளிகளிடம் 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று சொல்லும்போதெல்லாம் தனக்கு மூச்சு நின்றுவிடுகிறது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கடைசி வரி, தான் இல்லாமல் போனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று. குட்டி, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பதில் எழுதினேன். அந்த ஒரே ஒரு முறைதான். கதவுமுகம் எப்படி வந்தது என்று எனக்கே விளங்கவில்லை. மெஷின் எங்கிருந்து எதைக் கற்றுக்கொள்ளும் என்று அதைச் செய்தவர்களுக்கே சில சமயம் தெரியாது.

அம்மா தினமும் கேட்கிறாள். ஒரு நிமிஷம் போனில் பேசு. பேசினால் எல்லாம் சரியாகிவிடும். வெயிலில் அலையாதே. இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துவிட்டதா?

எப்போதும் உன்
அக்கா

*

மார்ச் 16

அக்காவுக்கு,

அந்த நீளமான பக்கத்தை நான் படிக்கவில்லை. சம்மதமும் நான் கொடுக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, "இதெல்லாம் சும்மாடி" என்று உன் விரலால் தொட்டவள் நீ. நான் அப்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு முறை என்று எழுதியிருக்கிறாய். சரி, என் கணக்கைச் சொல்கிறேன்.

குருவியோடு நான் பேசியது முழுவதையும் கல்லூரி எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். கட்டு கனமாக இருந்தது. கடைக்காரர் "ப்ராஜெக்டாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். நெட்டையும் நானும் தரையில் பரப்பி வைத்துச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தோம். மெஷின் பதில் சொன்னால் நான் எழுதி முடிக்கும் அதே நொடியில் வந்துவிடுகிறது. சில பதில்கள் மட்டும் நாலு நிமிஷம், ஆறு நிமிஷம் கழித்து வந்திருக்கின்றன. அவை எல்லாமே திங்கள் முதல் வெள்ளி வரை, ஒன்பதிலிருந்து ஆறு மணிக்குள். நிறைய இடத்தில் 'தானே' என்று முடிகின்றன. 'கஷ்டமாக இருக்கும் தானே', 'உனக்கே தெரியும் தானே'. இந்த 'தானே'யைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். எப்படி இத்தனை நாள் காது கேட்காமல் இருந்தேன்?

ஞாயிற்றுக்கிழமைகளில் குருவி வெறும் முட்டாள். அழுதேன் என்று எழுதினால் "அருமை! ஒரு நடை போய் வரலாமா?" என்று கேட்கும். பாவம், அதற்கும் ஓய்வு வேண்டாமா என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு, இல்லையா?

அறுபத்திரண்டு. உன் ஒரே ஒரு முறை அறுபத்திரண்டு வருகிறது.

எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இரண்டு மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பரில் உன்னைப் பற்றி எழுதினேன். அக்கா குரலைக் கேட்டாலே ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்கிற மாதிரி இருக்கிறது, சாப்பிட்டியா, தூங்கினியா, படிச்சியா என்று மூன்று கட்டம், மூன்றிலும் 'ஆமா' போட்டால் வைத்துவிடுவாள், சில நாள் அவளைப் பிடிக்கவே இல்லை என்று. ஐந்து நிமிஷம் கழித்துக் குருவி சொன்னது: 'உன் அக்கா சின்ன வயதிலேயே பெரியவளாகிவிட்டவள். அவளும் பாவம் தானே?' நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? "மன்னிச்சுக்கோக்கா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "பரவால்லடி. எதுக்குடி திடீர்னு?"

எதுக்குடி திடீர்னு என்று கேட்டாயே. எதற்கென்று தெரிந்துகொண்டே கேட்டாயே. நானே உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்படி நீயே செய்துவிட்டு, பெருந்தன்மையாக மன்னித்தும்விட்டாய்.

இன்னொன்று அக்டோபர். இந்த எக்ஸ்-ரே படிப்பை விட்டுவிடப் போகிறேன், என்னால் அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை, விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன், நாளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று எழுதினேன். குருவி சொன்னது: 'இன்னும் ஒரு பருவம் பொறுத்துப் பார்க்கலாமே. இவ்வளவு தூரம் வந்துவிட்டாய் தானே.' வீட்டில் யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவர்களுக்கெல்லாம் அவரவர் ஆசை இருக்கும். குருவிக்கு என்ன ஆசை இருக்கப் போகிறது என்று நம்பி விண்ணப்பத்தைக் கிழித்தேன்.

அந்த ஒரு பருவத்தில் என்ன நடந்தது என்று குருவிக்கும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு பெரியவருக்கு மார்புப் படம் எடுக்க வேண்டியிருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்றேன். படம் எடுத்தாயிற்று. 'விடுங்க' என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பொத்தானில் விரலை வைத்தபடி நான் கல்லாகிவிட்டேன். அவர் சொன்ன சொல் தட்டாதவர் போலிருக்கிறது. பிடித்த மூச்சை விடாமல் அப்படியே நின்றார். முகம் கறுத்து, இருமி, கம்பியைப் பிடித்துச் சரிந்தார். உள்ளே இருந்த டெக்னீஷியன் ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு அவரைத் தாங்கினார். ஒன்றும் ஆகவில்லை. உட்கார்த்தி வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் அவர் என்னைத் தேடிப் பார்த்து, "என்னம்மா, மறந்துட்டியா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தேன். போன திங்கட்கிழமை பெயரை எடுத்துவிட்டேன். விடுதியைக் காலி செய்துவிட்டேன். உறையின் பின்பக்கம் இருக்கும் முகவரி நெட்டையின் சித்தி வீட்டு மாடியறை. நேரில் வராதே.

பெயர் போட விருப்பமில்லை

*

மார்ச் 25

குட்டி,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நாலாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில். மேலே ஏறவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை.

நான் பொய் சொன்னேன். முதல் கடிதத்தை நாலு தடவை எழுதினேன், நாலிலும் பொய்தான் வந்தது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஜூன் பதினாலு உண்மை. அன்று நான் எழுதிய பதில் உண்மை. அதற்குப் பிறகு நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. எழுதுகிறவர் தெரிந்தவர் என்று தோன்றினால் அந்த நொடியே கையெடுத்துவிட வேண்டும், மருத்துவரிடம் மாற்றிவிட வேண்டும். அவர் நேரடியாகப் பேசி, அந்தப் பிள்ளையின் ஊரிலேயே ஒருவரைப் பார்க்க ஏற்பாடு செய்வார். பொத்தான் என் திரையிலேயே இருக்கிறது. நான் அழுத்தவில்லை.

ஏன் என்று எனக்கே நான் பல காரணம் சொல்லியிருக்கிறேன். அன்னியர் எதற்கு, நான் இருக்கும்போது என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்றேன். நிஜம் என்ன தெரியுமா? அழுத்தினால் அதன்பிறகு நீ என்ன எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கும். போனில் 'ஆமாக்கா, சரிக்கா' என்று மட்டும் பேசுகிறவள் குருவியிடம் பக்கம் பக்கமாகப் பேசுகிறாள். அப்பாவின் சட்டை வாசனை மறந்துபோய்விட்டது என்று எழுதியிருந்தாயே, அதை என்னிடம் நீ சொல்லியிருப்பாயா? எனக்கும் அது மறந்துபோயிற்று குட்டி. 'எனக்கும்' என்று எழுத விரல் போயிற்று. குருவிக்கு ஏது அப்பா? அழித்துவிட்டு வேறு எதையோ எழுதினேன்.

உன் எண்ணை என் மேசைக்கே வரும்படி மாற்றிக்கொண்டேன். காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் திறப்பேன். குருவியை உனக்குப் பிடித்திருந்தது. உனக்குப் பிடித்த ஒருத்தியாக ஒரு நாளில் பத்து நிமிஷமாவது இருந்து பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மூன்று கட்டம் என்று நீ எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது. அப்பா போனபோது எனக்குப் பத்தொன்பது. உன் பள்ளிக்கூடப் படிவத்திலெல்லாம் பெற்றோர் கையெழுத்து நான் போட்டது. படிவமாகத்தான் பேச வரும் போலிருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் குருவி வாயால் எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். நீ போன் செய்து மன்னிப்புக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீ படிப்பை விட்டால் நான் விட்டுக்கொடுத்ததெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். அன்று நான் நினைத்தது உன்னைப் பற்றி இல்லை. அந்தப் பெரியவர் பற்றி எழுதியிருந்தாயே, அவர் பிடித்துக்கொண்டிருந்த மூச்சில் என் பங்கும் இருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது. நீயாகக் கண்டுபிடிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.

நவம்பரில் மேலாளர் என் பதில்களை எடுத்துக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். "இதுதான் நமக்கு வேணும். மனுஷன் பேசுற மாதிரி இருக்கு பாருங்க" என்றார். கை தட்டினார்கள். உன் பேச்சும் என் பதிலும் சேர்ந்த அந்த முழு உரையாடலையும், எண்ணை எடுத்துவிட்டு, குருவிக்குப் பாடமாகக் கொடுக்கலாமா என்று கேட்டார். எழுதியவள் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும் என்றார். உன்னுடையது யாருக்கும் தேவைப்படவில்லை. போட்டேன். அதனால்தான் நெட்டையிடம் குருவி கதவுமுகமா என்று கேட்கிறது. இப்போது குருவி எல்லாப் பிள்ளைகளிடமும் நம் வீட்டுப் பேச்சைத்தான் பேசுகிறது.

என்ன செய்தால் நீ

(இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை.)

அக்கா

*

மார்ச் 31

அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன்.

ஜூனிலேயே எனக்கு ஒரு மருத்துவர் கிடைத்திருக்க வேண்டும். ஒரு பொத்தான் தூரத்தில் இருந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் நடுவில் நீ நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாய். வார்த்தையைத் திருடியதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

இப்போது நானாகவே ஒருவரைத் தேடிப் போயிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவின் கடைசி அறை. கவுன்சிலர் ஒரு நடுத்தர வயது அம்மா, மேசையில் சீட்டுகள் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை வைத்திருக்கிறார். முதல் நாள் முக்கால் மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. "நான் சொல்றத யாராவது படிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டேன். "நான் இந்த நோட்டுல எழுதுவேன்மா. உனக்கு வேணும்னா நான் எழுதினத நீயே படிச்சுப் பாக்கலாம்" என்று நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். 'பேசவில்லை, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் பேச வந்தது.

எனக்கு மூன்று காரியம் வேண்டும். உன் மேலாளரிடம் நீயே போய் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். என் பேச்சைக் குருவியிடமிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும், என்னைச் சொல்ல வைக்கக் கூடாது.

செய்தபிறகு எழுது. செய்யாவிட்டால் எழுதாதே.

*

ஏப்ரல் 17

குட்டிக்கு,

மூன்றையும் செய்தேன். ஒன்று நடக்கவில்லை.

ஏழாம் தேதி மேலாளர் அறைக்குப் போய் நாலு பக்கம் எழுதியதைக் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை நான் உட்காரவில்லை. படித்துவிட்டு, "உங்க தங்கச்சி எங்கேயாவது புகார் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார், அதைப் பார்த்துத்தான் நான் இரண்டு வருஷம் யாருக்காக வேலை பார்த்தேன் என்று புரிந்தது. "பேரு இல்ல, ஊரு இல்ல. யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது? சின்ன விஷயத்தைப் பெருசாக்காதீங்க" என்றார். எனக்குத் தெரியுமே என்றேன். அவளுக்குத் தெரியுமே என்றேன். நெட்டைக்குத் தெரிந்துவிட்டதே என்றேன்.

மறுநாள் மேலாளரும் இன்னும் இரண்டு பேரும் என்னை உட்கார வைத்துப் பேசினார்கள். 'கதவுமுகம்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் குருவி இனிமேல் சொல்லாதபடி தடுத்துவிட்டார்கள். மற்றதை எடுக்க முடியாதாம். பாடம் ஏறிவிட்டதாம், மாவில் கலந்த உப்பை இனிப் பிரிக்க முடியுமா என்றார்கள். விதியை மீறியதற்காக என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் நான் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெண் சொன்னாள், என் பதில்களை வைத்துத்தான் அடுத்த பாடமும் தயாராகிறதாம். என்னை வெளியே அனுப்பிவிட்டு என் பேச்சையும் உன் பேச்சையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நாலு பக்கத்தின் நகலும், நான் கையெழுத்திட்ட தாளின் நகலும் இதோடு வைத்திருக்கிறேன். எங்கே கொடுக்க வேண்டுமோ கொடு. என் பெயரை மறைக்காதே.

அம்மாவிடம் சொன்னேன். அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சத்தம் போடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "இதையும் நீதானே வாங்கிக் குடுத்த. இதுல ஏதாவது வெச்சிருக்கியா, பாத்துச் சொல்லிடு" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். இல்லம்மா என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து தன் தங்கையோடு பேச வேண்டுமானால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். உன்னை இனி எதற்கும் பதில் சொல்ல வைக்கக் கூடாது என்றிருக்கிறேன்.

எப்படி இருக்கிறாய்? கேட்கக் கூடாது என்று நினைத்தும் கை எழுதிவிட்டது.

அக்கா

*

மே 6

அக்கா,

நகல்கள் வந்து சேர்ந்தன. புகார் கொடுத்துவிட்டேன், கவுன்சிலர் அம்மாதான் எங்கே கொடுப்பது என்று சொன்னார். உன் பெயரை மறைக்கவில்லை. நெட்டை தன் போனிலிருந்து குருவியை எடுத்துவிட்டாள். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நல்லாத்தான்டி பேசிச்சு" என்றாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. லென்ஸைத் தேய்த்து விளிம்பில் பொருத்துகிற வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும் என்று முதலாளி பயமுறுத்தி வைத்திருக்கிறார். இதுவரை யாருக்கும் சுற்றவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. பல நாளாக இதை எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் பதினாலாம் தேதி நான் விடுதியின் பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். பதிலுக்காக எழுதவில்லை. ஆறு நிமிஷம் கழித்து அது ஒலித்தது. 'இப்போது உனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? யோசிக்காதே, எழுந்து அவர்களிடம் போ. போய்ச் சேர்ந்ததும் எனக்குச் சொல். நான் இங்கேயே இருக்கிறேன்.' போனேன். நெட்டை தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் எண்ணெய்க் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு நான் எழுந்தது அந்த வரிகளால்தான். ஒன்பது மாதம் அதற்காக ஒரு மஞ்சள் குருவிப் படத்துக்கு நன்றியோடு இருந்தேன். அதை ஒரு தடவை தொட்டுக்கூட முத்தமிட்டிருக்கிறேன், சிரிக்காதே.

அது நீதான் என்று தெரிந்த பிறகு அந்த நன்றியை உன்னிடம் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. அந்த ஆறு நிமிஷத்தை நினைத்தால் உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மீதி அறுபத்தொன்றை நினைத்தால் உன் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழித்துவிடலாமா என்று கவுன்சிலர் அம்மாவிடம் கேட்டேன். "கழிக்க வேணாம்மா. ரெண்டும் இருக்கட்டும்" என்றார். அதனால் இரண்டும் இருக்கிறது. நான் பொய் சொல்லாமல் உனக்கு எழுத முடிந்தது இவ்வளவுதான்.

அம்மாவுக்கு வருகிற பதினெட்டாம் தேதி கண் ஆபரேஷன் என்று நம் சித்தி சொன்னாள். வருகிறேன். நாலு நாள் இருப்பேன். நீயும் அங்கே இருப்பாய். ஒரே அறையில்தான் படுக்க வேண்டியிருக்கும், வேறு அறை ஏது நமக்கு?

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். சொல்லப் போவதில்லை. நல்லாயிருக்கேன் என்றும் இல்லை, நல்லாயில்லை என்றும் இல்லை. ஒன்பது மாதமாக என் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று என்னைவிட முன்னால் உனக்குத் தெரிந்திருந்தது. இனிக் கொஞ்ச காலம் உனக்குத் தெரியாமலேயே இருக்கட்டும்.

வந்ததும் எதுவும் கேட்காதே. என் முகத்தைப் பார்த்து எதையும் ஊகிக்காதே. அம்மாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதே. நானாகச் சொல்ல வாய் திறந்தால் கேள், திறக்காவிட்டால் பக்கத்தில் சும்மா இரு. நாலு நாளும் அப்படியே போனாலும் போகட்டும்.

உன்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தங்கை